இன், ஆன், அட் தடுமாறும்போது: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சிவப்பு மை அதிகம் விழுவது பெரிய சொற்களில் அல்ல. இன், ஆன், அட், பை, அன்டில், சின்ஸ், ஃபார் ஆகிய சின்னச் சொற்களில்தான். மலாய்ப் பாடத்தில் 'காத்தா செண்டி நாமா' என்றும் ஆங்கிலப் பாடத்தில் 'ப்ரெபொசிஷன்' என்றும் படிக்கும் இனம் இது.

இந்தப் பிழைகள் சோம்பலால் வருவதில்லை. தமிழில் வீட்டில், மேசையில், பஸ் நிறுத்தத்தில், ஜூலையில் என்று எல்லாவற்றுக்கும் '-இல்' போதும். மலாயில் இடத்துக்கு 'டி' போதும். இரண்டு மொழியையும் சரியாகப் பேசும் பிள்ளை, அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வந்து 'இன்' ஒன்றையே எல்லா இடத்திலும் போடுகிறது. அதனால் திட்டுவதில் பயனில்லை. எங்கே தவறுகிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய காரணம் முதலில் இருக்கிறது. நேரமும் செலவும் கூடுதலாகக் கேட்பவை கடைசியில். வேண்டிய தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தப் பிழைக்கும் முதல் சோதனை: வலது பக்கம் பார், பிறகு இடது பக்கம் பார்

தமிழில் பெயர் முன்னே வரும், உருபு பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் சின்னச் சொல் முந்திக்கொள்கிறது. எந்தப் பெயர் வரப்போகிறது என்று நினைப்பதற்குள் பிள்ளை 'இன்' எழுதிவிடுகிறது. அதை இப்படி நிறுத்துங்கள்:

1. சின்னச் சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.
2. கோட்டுக்கு வலது பக்கம் உள்ள பெயரை வட்டமிடுங்கள். அது மணியா, நாளா, மாதமா, ஊரா, பரப்பா, வண்டியா?
3. வட்டமிட்ட பெயருக்கு ஏற்ற சொல்லைக் கோட்டில் நிரப்புங்கள்.
4. அப்படியும் சரிவரவில்லை என்றால் மட்டும் இடது பக்கம் உள்ள வினையைப் பாருங்கள். அரைவ், ரீச், என்டர், வெயிட், டிஸ்கஸ் போன்ற வினைகள் தமக்கென்று தனிப் பிடிவாதம் உள்ளவை.

இடத்தையும் நேரத்தையும் பற்றிய பிழைகளில் பெரும்பாலானவை மூன்றாம் படியிலேயே தீர்ந்துவிடும். தீராதவற்றுக்குக் கீழே வாருங்கள்.

## அறிகுறி 1: எல்லா இடத்துக்கும் 'இன்' வருகிறது

'இன் த பஸ் ஸ்டாப்', 'இன் த டேபிள்', 'இன் த ஜங்ஷன்'. மிக அதிகமாகத் திருத்தப்படுவது இதுதான்.

முதல் காரணம்: இடத்தின் வடிவத்தைப் பார்க்கவில்லை. மூன்றே கேள்விகள் கேளுங்கள். அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குத்தக்கூடிய இடமா? அப்படியானால் 'அட்': அட் த ஜங்ஷன், அட் த பஸ் ஸ்டாப், அட் த கேட், அட் த பெட்ரோல் ஸ்டேஷன். ஒரு பரப்பின் மேலோ கோட்டின் மேலோ இருக்கிறதா? 'ஆன்': ஆன் த டேபிள், ஆன் த வால், ஆன் த செகண்ட் ஃப்ளோர். நான்கு பக்கமும் சூழ்ந்திருக்கிறதா, அல்லது எல்லை உள்ள நிலப்பகுதியா? 'இன்': இன் த ரூம், இன் த பாக்ஸ், இன் சுங்கை சிப்புட், இன் பேராக்.

ஒரே இடம் மூன்றையும் ஏற்பதுண்டு. பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா எங்கே என்று கேட்டால் 'அட் த ஷாப்'. மழைக்கு ஒதுங்கிக் கடைக்குள்ளே நிற்கிறார் என்றால் 'இன் த ஷாப்'. பூனை கடைக் கூரைமேல் இருந்தால் 'ஆன் த ரூஃப் ஆஃப் த ஷாப்'. கேள்வி எதைக் கேட்கிறதோ அதற்கேற்ற சொல் வரும். எங்கே போயிருக்கிறார் என்றால் புள்ளி, எதற்குள்ளே என்றால் சூழல்.

இரண்டாவது காரணம்: வண்டிகள். இதற்கு உடம்பை வைத்துச் சோதிக்கலாம். உள்ளே ஏறி நிமிர்ந்து நடக்க முடிந்தால் 'ஆன்': பஸ், ரயில், விமானம், ஃபெரி. குனிந்து ஏறி உட்கார மட்டும் முடிந்தால் 'இன்': கார், டாக்ஸி. கால் போட்டு ஏறினால் 'ஆன்': மோட்டார், சைக்கிள். லாரியில் ஓட்டுநர் 'இன் த லாரி', ஏற்றிய செம்பனைக் குலைகள் 'ஆன் த லாரி'. இரண்டும் சரிதான். ஒருவர் கூண்டுக்குள்ளே இருக்கிறார், சரக்கு தட்டின்மேல் இருக்கிறது.

'பை பஸ்', 'பை கார்' எழுதும்போது நடுவில் 'த', 'மை', 'ஹிஸ்' எதுவும் வரக்கூடாது. வந்துவிட்டால் 'பை' போய் 'இன்' அல்லது 'ஆன்' ஆகிவிடும்: 'பை கார்', ஆனால் 'இன் மை கார்'. நடந்து போவது 'ஆன் ஃபுட்'.

மூன்றாவது காரணம்: நிலமும் நீரும் சாலையும். தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதும் கட்டுரையில் முதல் வரியிலேயே இது வந்துவிடுகிறது. தோட்டத்தில் வசிப்பதையும் வேலை செய்வதையும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஆன் அன் எஸ்டேட்' என்றே எழுதுவார்கள். 'ஆன் எ ஃபார்ம்', 'ஆன் எ பிளான்டேஷன்' என்பவையும் அந்த வகை. ஆனால் வீட்டுத் தோட்டம் 'இன் த கார்டன்', காடு 'இன் த ஃபாரஸ்ட்', வயல் 'இன் த ஃபீல்ட்'. நம் நாட்டுப் பேச்சில் 'இன் த எஸ்டேட்' பரவலாகக் கேட்கிறது. பேசும் பிள்ளையை அதற்காக நிறுத்த வேண்டாம், எழுதும்போது மட்டும் 'ஆன்' பழக்குங்கள். காலைப் பெரட்டு, அதாவது வேலைக்கு முன் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடுவது, ஒரு கூடுகை, ஆகவே 'அட் மஸ்டர்'.

சாலைக்கு 'ஆன்' போட்டால் பிழை வராது. வீட்டு எண் சேர்ந்தால் அது புள்ளியாகிவிடும்: 'ஆன் ஜாலான் பெசார்', ஆனால் 'அட் 24 ஜாலான் பெசார்'. ஆற்றங்கரை ஊருக்கும் 'ஆன்': கோலகங்சார் 'ஆன் த பேராக் ரிவர்'. தீவு என்று சொல்லும்போது 'ஆன் பங்கோர் ஐலன்ட்', மாநிலம் என்று சொல்லும்போது 'இன் பினாங்'.

திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. 'இன் த நார்த் ஆஃப் பேராக்' என்றால் பேராக்குக்குள்ளேயே வடபகுதி. 'நார்த் ஆஃப் ஈப்போ' என்றால் ஈப்போவைத் தாண்டி வெளியே. சுங்கை சிப்புட் 'நார்த் ஆஃப் ஈப்போ'. முன்னே 'இன் த' போட்டால் ஊரையே ஈப்போ நகருக்குள் தள்ளிவிடுவோம்.

நான்காவது காரணம்: காகிதமும் திரையும். பக்கம், பட்டியல், திரை எல்லாம் பரப்பு: 'ஆன் பேஜ் 24', 'ஆன் த லிஸ்ட்', 'ஆன் த ஸ்க்ரீன்'. புத்தகம், செய்தித்தாள், படம் எல்லாம் உள்ளடக்கம்: 'இன் த புக்', 'இன் த நியூஸ்பேப்பர்', 'இன் த ஃபோட்டோ'. படத்தைப் பார்த்து எழுதும் கட்டுரையில் 'ஆன் த பிக்சர்' என்று தொடங்கும் பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். படத்துக்குள் தெரியும் ஆட்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், ஆகவே 'இன்'. படத்தின்மேல் ஈ உட்கார்ந்திருந்தால்தான் 'ஆன்'.

ஐந்தாவது காரணம்: 'த' இருந்தால் ஒரு பொருள், இல்லையென்றால் வேறு. இதற்கு அதிக நேரம் தேவைப்படும், ஏனென்றால் விதியைவிடப் பழக்கம் இங்கே முக்கியம். பிரிட்டிஷ் வழக்கில் 'இன் ஹாஸ்பிடல்' என்றால் நோயாளியாகப் படுத்திருக்கிறார். 'அட் த ஹாஸ்பிடல்' என்றால் பார்க்கப் போயிருக்கலாம், அங்கே வேலை செய்யலாம். விடுப்புக் கடிதத்தில் 'மை ஃபாதர் இஸ் அட் த ஹாஸ்பிடல்' என்று எழுதினால், அப்பா யாரையோ பார்க்கப் போயிருக்கிறார் என்றுகூட ஆசிரியர் நினைக்க இடமுண்டு. படுக்கையில் இருக்கிறார் என்றால் 'இன் ஹாஸ்பிடல்' என்றே எழுதுங்கள். 'அட் ஸ்கூல்', 'அட் வொர்க்', 'அட் ஹோம்' மூன்றிலும் 'த' இல்லை. 'இன் ஹோம்' என்பது கிட்டத்தட்ட எப்போதும் பிழை.

மூலை இரண்டு வகை. அறையின் உள்மூலை 'இன் த கார்னர்', தெருவின் வெளிமூலை 'அட் த கார்னர்'.

எப்போது ஆசிரியரிடம் போவது: முதல் நான்கு காரணங்களையும் ஒவ்வொரு வாரம் ஒன்றாகப் பழகிய பிறகும் ஒரு பக்கக் கட்டுரையில் ஐந்துக்கு மேல் இடப்பிழை வந்தால், வீட்டில் மேலும் பயிற்சித் தாள் வாங்கிக் கொடுக்காதீர்கள். எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகளை எடுத்துக்கொண்டு பள்ளி ஆங்கில ஆசிரியரைப் பாருங்கள். எந்த வகைப் பிழை திரும்புகிறது என்பதை ஒரு புத்தகத்தைவிட அவர் சீக்கிரம் சொல்வார்.

## அறிகுறி 2: மணி, நாள், மாதம் மூன்றும் குழம்புகின்றன

முதல் காரணம்: காலத்தின் அளவைப் பார்க்கவில்லை. சின்னதுக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்', நாளைவிடப் பெரியதுக்கு 'இன்'. 'அட் 5.30', 'ஆன் மண்டே', 'இன் ஜூலை', 'இன் 1957'. தேதி சேர்ந்தால் அது நாள்தான்: 'ஆன் 31 ஆகஸ்ட் 1957'. மாதமும் ஆண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன என்று 'இன்' போடக்கூடாது. அவற்றோடு நாள் எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது காரணம்: காலை, மாலை, இரவு. 'இன் த மார்னிங்', 'இன் த ஆஃப்டர்நூன்', 'இன் தி ஈவ்னிங்', ஆனால் 'அட் நைட்'. விடியலும் நண்பகலும் புள்ளிகள்: 'அட் டான்', 'அட் நூன்'. காலையோடு நாள் ஒட்டிக்கொண்டால் 'இன்' மறைந்து 'ஆன்' வரும்: 'ஆன் மண்டே மார்னிங்', 'ஆன் த மார்னிங் ஆஃப் 31 ஆகஸ்ட் 1957'. சொல்வதெழுதுதலுக்கு நல்ல வாக்கியம் ஒன்று: துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை 'அட் மெர்டேக்கா ஸ்டேடியம் இன் கோலாலம்பூர் ஆன் த மார்னிங் ஆஃப் 31 ஆகஸ்ட் 1957' வாசித்தார். இடத்தின் புள்ளி, ஊர், நாள் மூன்றும் ஒரே வரியில் வருகின்றன. இதை மனப்பாடமாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை மற்ற வாக்கியங்களை இதோடு ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளும்.

மூன்றாவது காரணம்: எதுவும் தேவையில்லாத இடத்தில் எதையாவது போடுவது. லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி வந்தால் முன்னே சின்னச் சொல்லே கிடையாது. 'ஆன் லாஸ்ட் மண்டே', 'இன் நெக்ஸ்ட் வீக்', 'இன் எவ்ரி டே' மூன்றும் பிழை. டுடே, டுமாரோ, எஸ்டர்டே முன்னும் அப்படியே. நாலு வார்த்தைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் இந்த ஒரு பிழை சில நாட்களில் அடங்கிவிடும். இவ்வளவு சுலபமாகத் தீரும் பிழை வேறில்லை.

நான்காவது காரணம்: பண்டிகை. தீபாவளி அன்று என்றால் 'ஆன் தீபாவளி'. தீபாவளிக் காலத்தில் என்றால் 'அட் தீபாவளி' அல்லது 'டூரிங் த தீபாவளி ஹாலிடேய்ஸ்'. தைப்பூசம் ஒரு நாள், ஆகவே 'ஆன் தைப்பூசம்'. 'அட் த டெம்பிள் ஃபெஸ்டிவல்' என்பதில் திருவிழா ஒரு நிகழ்ச்சி. திருமணம், கூட்டம், விருந்து எல்லாவற்றுக்கும் 'அட்' தான்.

ஐந்தாவது காரணம்: ஒரே பெயர், இரண்டு பொருள். 'ஆன் டைம்' என்றால் சொன்ன நேரத்துக்குச் சரியாக. 'இன் டைம்' என்றால் தாமதமாகிவிடுவதற்கு முன். ரயில் 'ஆன் டைம்' கிளம்பியது, நாம் அதைப் பிடிக்க 'இன் டைம்' போய்ச் சேர்ந்தோம். 'அட் தி எண்ட் ஆஃப் த மன்த்' என்றால் மாதக் கடைசியில். 'இன் தி எண்ட்' என்றால் கடைசியாக என்னதான் நடந்தது என்று கதையை முடிக்கும் சொல், சம்பளத் தேதிக்கு அது உதவாது. சனி ஞாயிறுக்குப் பிரிட்டிஷ் வழக்கில் 'அட் த வீக்எண்ட்', அமெரிக்க வழக்கில் 'ஆன் த வீக்எண்ட்'. நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழியில் போகின்றன, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் கண்ணை உறுத்தும்.

ஜோடி பிரிந்துபோவதையும் பாருங்கள். 'பிட்வீன் 2 டு 4' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. 'பிட்வீன்' வந்தால் 'அன்ட்', 'ஃப்ரம்' வந்தால் 'டு'.

## அறிகுறி 3: கெடுத் தேதியில் 'பை'யும் 'அன்டில்'லும் மாறுகின்றன

இந்தப் பகுதியைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். மற்ற பிழைகளால் மதிப்பெண் போகும். இந்தப் பிழையால் வேலையும் வீடும் பணமும் போகக்கூடும்.

நல்ல செய்தி, இந்த ஒரு விஷயத்தில் தமிழ் நமக்கு நேராக வழிகாட்டுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் என்றால் 'பை ஃப்ரைடே'. வெள்ளிக்கிழமை வரை என்றால் 'அன்டில் ஃப்ரைடே'. மூன்று நாளுக்குள் என்றால் 'வித்தின் த்ரீ டேய்ஸ்'. இன்னும் மூன்று நாளில் என்று பொருள்பட, மூன்றாவது நாள் நடக்கும் என்றால் 'இன் த்ரீ டேய்ஸ்'. இங்கே மட்டும் மொழிபெயர்த்து எழுதுங்கள், தவறாது.

முதல் காரணம்: செயல் ஒருமுறை நடப்பதா, தொடர்வதா என்று பார்க்கவில்லை. பாரம் (படிவம்) அனுப்புவது ஒருமுறை. ஆகவே 'செண்ட் த ஃபார்ம் பை ஃப்ரைடே'. காத்திருப்பது, தங்குவது, திறந்திருப்பது எல்லாம் தொடர்பவை, ஆகவே 'அன்டில்'. சோதனை: அந்த வினையோடு தமிழில் 'தொடர்ந்து' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். 'தொடர்ந்து காத்திரு' பொருந்துகிறது. 'தொடர்ந்து பாரத்தை அனுப்பு' பொருந்தவில்லை. பொருந்தினால் 'அன்டில்', பொருந்தாவிட்டால் 'பை'.

இரண்டாவது காரணம்: எதிர்மறை. 'த கிளார்க் வில் நாட் கம் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை வரை கிராணி வரமாட்டார், வெள்ளிக்கிழமை வருவார். வரவே மாட்டார் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் உண்டு. 'நாட்'டும் 'அன்டில்'லும் சேர்ந்து வந்தால், அந்தத் தேதியில்தான் காரியம் நடக்கும் என்று படியுங்கள்.

மூன்றாவது காரணம்: அந்தக் கடைசி நாள் சேருமா, சேராதா? 'குளோஸ்ட் அன்டில் 3 மார்ச்' என்ற அறிவிப்பைப் பார்த்து 3-ஆம் தேதி வரலாமா, கூடாதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் அறிவிப்பு எழுதுகிறவர் என்றால் 'அன்டில்'லை நம்பாதீர்கள். 'ரீஓப்பன்ஸ் ஆன் 4 மார்ச்' என்று திறக்கும் நாளைப் போடுங்கள். கோயில் அறிவிப்பு, பள்ளிப் பெற்றோர் சங்கக் கடிதம், கூட்டுறவுக் கடை அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நான்காவது காரணம்: எந்த நாளிலிருந்து எண்ணுவது? கடிதத்தில் 'வித்தின் 14 டேய்ஸ் ஆஃப் த டேட் ஆஃப் திஸ் லெட்டர்' என்று இருந்தால் கடிதத்தின் மேலுள்ள தேதியிலிருந்து எண்ண வேண்டும். 'ஆஃப் ரிசீட்' என்று இருந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து. கடிதம் ஜூன் 1-ஆம் தேதியிட்டு, கையில் ஜூன் 6-இல் கிடைத்தால் இரண்டுக்கும் ஐந்து நாள் வித்தியாசம். உறையைத் தூக்கி எறியாதீர்கள். முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது. கையில் கிடைத்த தேதியை உடனே கடிதத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்.

எப்போது நிபுணரிடம் போவது: தோட்ட வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் கடிதம், வேலை நீக்க அறிவிப்பு, கடன் ஒப்பந்தம், நீதிமன்றக் கடிதம். இவற்றில் ஒரு 'பை'யோ 'வித்தின்'னோ இருந்தால் டியூஷன் ஆசிரியரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் சொல்லின் பொருளைச் சொல்வார். முதல் நாள் கணக்கில் சேருமா, பொதுவிடுமுறை சேருமா என்பது சட்டக் கேள்வி. தொழிற்சங்க உறுப்பினர் என்றால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். வேலை பற்றியது என்றால் தொழிலாளர் இலாகா. அதற்கும் மேலே வழக்கறிஞர் அல்லது அரசின் சட்ட உதவி இலாகா. கெடு முடியும் நாளில் ஓடாமல், கடிதம் வந்த வாரத்திலேயே போங்கள்.

## அறிகுறி 4: 'சின்ஸ் டென் இயர்ஸ்'

'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்.' இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழை இருக்கிறது. ஒன்றை மட்டும் திருத்தினால் மற்றது தங்கிவிடும்.

முதல் காரணம்: எண்ணா, தொடக்கமா? வலது பக்கம் எண்ணும் அளவும் இருந்தால் 'ஃபார்': ஃபார் டென் இயர்ஸ், ஃபார் டூ வீக்ஸ். தொடங்கிய தேதியோ நிகழ்ச்சியோ இருந்தால் 'சின்ஸ்': சின்ஸ் 2015, சின்ஸ் மண்டே, சின்ஸ் மை வெட்டிங்.

இரண்டாவது காரணம்: வினை. பத்து வருஷமா இங்கே இருக்கிறேன் என்று தமிழில் நிகழ்காலம் போடுகிறோம். ஆங்கிலம் இங்கே 'ஹேவ்' கேட்கும்: 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்'. சின்னச் சொல்லைத் திருத்தியதும் இடது பக்கம் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மூன்றாவது காரணம்: 'டூரிங்' எண்ணோடு சேராது. 'டூரிங் டூ வீக்ஸ்' பிழை, 'டூரிங் த ஹாலிடேய்ஸ்' சரி. எவ்வளவு நேரம் என்றால் 'ஃபார்', எதன்போது என்றால் 'டூரிங்'.

முடிந்துபோன காலத்துக்கு 'ஃப்ரம்... டு'. பயிற்சிக்கு நம் ஊர் வரலாறே போதும். 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர், அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்துப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. அந்த அவசரகாலம் 'ஃப்ரம் 1948 டு 1960' நீடித்தது, 'ஃபார் 12 இயர்ஸ்' நீடித்தது. கொலை நடந்தது 'ஆன் த மார்னிங் ஆஃப் 16 ஜூன்'. 'டூரிங் தி எமர்ஜென்சி' மக்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். ஐந்து சொல்லையும் ஒரு பத்தியில் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லி, இதை எழுதச் சொல்லுங்கள். வெறும் கோடிட்ட இடம் நிரப்புவதைவிட இது நன்றாகப் பிடிக்கும்.

## அறிகுறி 5: தேவையில்லாத சொல் ஒட்டிக்கொள்கிறது, தேவையானது விடுபடுகிறது

இது இடது பக்கப் பிழை. விதி தேடாதீர்கள், வினையோடு சேர்த்து மனத்தில் ஏற்றுங்கள்.

சேர்க்கவே கூடாதவை: என்டர், ரீச், டிஸ்கஸ், மேரி, ஃபோன். 'ரீச் டு ஈப்போ', 'என்டர் இன்டு த ரூம்', 'டிஸ்கஸ் அபவுட்', 'மேரி வித்' எல்லாம் தமிழிலிருந்தும் மலாயிலிருந்தும் வந்து ஒட்டியவை. 'கோ டு ஹோம்', 'கம் டு ஹியர்' கூட அப்படித்தான்: ஹோம், ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ் முன்னே 'டு' வராது.

விடக்கூடாதவை: 'வெயிட் ஃபார் த பஸ்', 'லிசன் டு த ரேடியோ'. 'அரைவ்' மட்டும் சற்றுக் கவனம் கேட்கும். ஊருக்கு 'அரைவ் இன் ஈப்போ', கட்டடத்துக்கோ நிலையத்துக்கோ 'அரைவ் அட் த ஸ்டேஷன்'. 'அரைவ் டு' என்று ஒன்று இல்லை.

நகர்வுக்கு 'டு', நிலைக்கு 'இன்' அல்லது 'அட்': 'ஐ வென்ட் டு ஈப்போ', 'ஐ ஸ்டேய்ட் இன் ஈப்போ'. போய்த் திரும்பியவர் 'ஹேஸ் பீன் டு ஈப்போ', போய் இன்னும் அங்கேயே இருப்பவர் 'ஹேஸ் கான் டு ஈப்போ'. 'த்ரோ த பால் டு மீ' என்றால் பிடித்துக்கொள்ள, 'த்ரோ இட் அட் மீ' என்றால் அடிக்க.

## அறிகுறி 6: பயிற்சித் தாளில் சரி, கட்டுரையிலும் பேச்சிலும் பிழை

அதிக நாள் எடுக்கும் அறிகுறி இது. விதி தெரியும், வாய்க்கும் கைக்கும் பழக்கம் இல்லை. மேலும் விதி சொல்லிக்கொடுத்தால் பிள்ளை சலித்துப்போகும்.

முதல் காரணம்: தனிச் சொல்லாகப் படித்தது. 'அட்' என்றால் என்ன என்று கேட்காதீர்கள். 'அட் த ஜங்ஷன்', 'ஆன் மண்டே மார்னிங்', 'இன் த பிக்சர்' என்று முழுத் தொடராக ஒரு குறிப்பேட்டில் சேருங்கள். நாளுக்கு மூன்று தொடர் போதும். மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் சொல்லவேண்டும்.

இரண்டாவது காரணம்: காதில் விழவில்லை. வேகமான ஆங்கிலப் பேச்சில் இந்தச் சொற்கள் அழுத்தமின்றி அடுத்த சொல்லோடு உருகிவிடும். 'ஃபார்' வெறும் 'ஃப' போலவும், 'அட்' பாதி விழுங்கியதாகவும் கேட்கும். காதில் விழாதது வாயில் வராது. கைப்பேசியில் ஆங்கிலச் செய்தியின் ஒரு நிமிடத்தை எடுங்கள். அதை முதலில் நீங்கள் எழுதி, சின்னச் சொற்களை மட்டும் கோடாக விட்டு, பிள்ளையிடம் கொடுத்து மூன்றுமுறை கேட்கவிடுங்கள். ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம்மின் ஆங்கிலப் பாடத்தில் (பாட எண் 1119) வாசிப்புக்கும் எழுத்துக்கும் மட்டுமல்ல, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தனித்தனித் தாள் உண்டு. இந்தப் பயிற்சி நான்குக்கும் உதவும்.

மூன்றாவது காரணம்: திருத்துகிறவர் அதிகம் திருத்துகிறார். பக்கம் முழுக்கச் சிவப்பானால் பிள்ளை எதையும் பார்க்காது. வாரத்துக்கு ஓர் அறிகுறி மட்டும் எடுங்கள். விடையை எழுதாமல் பிழையான வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். வரிக்குள் எங்கே பிழை என்று பிள்ளையே தேடட்டும். அந்த வாரம் மற்ற பிழைகளைக் கண்டும் காணாமல் விடுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் பலன் தருவது இந்த முறைதான்.

நான்காவது காரணம்: ஆங்கிலத்தில் இல்லாத கோளாறு. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளை, வீட்டுத் தமிழிலேயே 'பெட்டிக்குள்ளே வை', 'மேசைக்குக் கீழே பார்' என்பதை அடிக்கடி மாற்றிப் புரிந்துகொண்டால், அல்லது பேச்சில் '-இல்', '-க்கு' இல்லாமல் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே போனால், ஆங்கிலப் பயிற்சியை நிறுத்துங்கள். மூன்று பொருளையும் ஒரு டப்பாவையும் எடுத்து, உங்கள் வாய் தெரியாதபடி பிள்ளைக்குப் பின்னால் நின்று, தமிழில் பத்து கட்டளை கொடுத்துப் பாருங்கள். முகம் பார்த்துச் சொன்னால் சரியாகவும், பின்னால் நின்று சொன்னால் தவறாகவும் செய்தால், முதலில் அரசு மருத்துவமனையில் காதைச் சோதிக்க வேண்டும். இரண்டு விதத்திலும் தவறினால் வகுப்பாசிரியரிடமும் பள்ளியின் குறைநீக்கல் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். அப்போது கட்டுரைப் புத்தகத்தோடு, அந்தப் பத்து கட்டளைகளையும் பிள்ளை என்ன செய்தது என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். 'கவனம் இல்லை' என்ற ஒற்றை வரியைவிட அந்தத் தாள் அவர்களுக்கு அதிகம் சொல்லும்.